0.234 என்னும் வாய்பாடு: எழுமாற்று நடை மாதிரியெடுப்பின் வினைத்திறன் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1. பிரச்சினை

வாய்பாட்டுப் பிரயோகம் பற்றிய விவாதம் ஈழத்து விமர்சன உலகுக்குப் புதியதன்று. ஒரு கோட்பாடு எந்தச் சூழலில், எந்த நிபந்தனைகளின்கீழ் உருவாயிற்று என்பதை மறந்து, அதன் முடிபை மாத்திரம் எடுத்து எல்லாப் படைப்புக்களுக்கும் இயந்திரப் பாங்காகப் பொருத்தும் போக்கினை நாம் நெடுங்காலமாகக் கண்டித்து வந்துள்ளோம். ஆயின் அப்போக்கு இலக்கிய விமர்சனத்துக்கு மாத்திரம் உரியதன்று. கணிதத்தின் துல்லியத்தைத் துணைக்கழைக்கும் துறைகளிலும் அது நிலவுகின்றது. அங்கே அது எண் வடிவில் வருவதால் இலகுவில் இனங்காணப்படுவதில்லை என்பதே வேறுபாடு.

கணிப்புசார் புள்ளிவிபரவியலில் இத்தகைய எண்ணொன்று 0.234 ஆகும். எழுமாற்று நடையைப் பயன்படுத்தி மாதிரியெடுக்கும் படிமுறைகளிலே, நடப்பவன் முன்மொழியும் அடிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 ஏற்கப்படுமாறு அடியின் அளவைச் சீர்செய்ய வேண்டும் என்பது இன்று பாடநூல் விதியாகிவிட்டது. ஏற்பு வீதம் அவ்வெண்ணை அண்மித்தது எனக் குறிப்பிட்டதும், பெறப்பட்ட முடிபுகள் நம்பத்தக்கவை என வாசகர் கொள்ளுமாறு எழுதும் வழக்கமும் பரவியுள்ளது.

இவ்விதிக்கு அடிப்படையான தேற்றம் சிறப்புடையது. அதனை மறுப்பது எமது நோக்கமன்று. தேற்றம் எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துக் காட்டுவதும், அவ்வேறுபாடு மலையகம் போன்றதொரு பிரதேசத்தை ஆராய்வோருக்கு ஏன் முக்கியமானது என்பதை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படிமுறையின் தோற்றமும் அதன் பெயரும்

எழுமாற்று நடை என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1905இல் கார்ல் பியர்சன் ஒரு சஞ்சிகைக் கடிதத்திலே, திசை தெரியாது அடியெடுத்து வைக்கும் ஒருவன் குறித்த எண்ணிக்கையான அடிகளின் பின்னர் எங்கே நிற்பான் என வினவினார். பௌதிகத்திலும் வானியலிலும் எழும் இத்தகைய வினாக்களை 1943இல் சு. சந்திரசேகர் விரிவானதொரு கட்டுரையிலே தொகுத்தார். சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் பயின்று, பின்னர் உலகப் புகழ் பெற்ற அவரது அக்கட்டுரை இன்றும் இத்துறையின் ஆதார நூல்களுள் வைத்து எண்ணப்படுகின்றது.

நடையை மாதிரியெடுக்கும் கருவியாக மாற்றியது 1953ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையாகும். நிக்கொலஸ் மெற்றோபொலிஸ், அரியானா றோசன்புளூத், மார்ஷல் றோசன்புளூத், ஒகஸ்ரா ரெல்லர், எட்வேட் ரெல்லர் ஆகிய ஐவர் அதன் ஆசிரியர்கள். ஐதரசன் குண்டுக்கான கணிப்புக்கள் நடைபெற்ற லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தின் மேனியக் என்னும் கணினியில், ஒரு தளத்தில் அசையும் 224 துணிக்கைகளின் நடத்தை ஆராயப்பட்டது. அழிவுக் கருவியின் நிழலிற் பிறந்த ஒரு முறை இன்று தொற்றுநோய்ப் பரவலையும் மழைவீழ்ச்சியையும் ஆராய உதவுகின்றது என்பது விஞ்ஞானத்தின் சமூக வரலாற்றைப் பயில்வோர் சிந்திக்கவேண்டிய முரண்பாடாகும்.

இப்படிமுறை மெற்றோபொலிசின் பெயரால் வழங்குகின்றது. கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அமைந்தமை இதற்கு ஒரு காரணம். ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 2003இல், மார்ஷல் றோசன்புளூத் தமது நினைவுகளை எடுத்துரைத்தபோது, மெற்றோபொலிசின் பங்கு கணினி நேரத்தை வழங்கியதோடு அமைந்தது எனக் குறிப்பிட்டார். படிமுறையைக் கணினி ஏற்கும் செய்நிரலாக எழுதி நிறைவேற்றியவர் அரியானா றோசன்புளூத். உழைத்தவரின் பெயர் மறைந்து, பொறிக்குப் பொறுப்பானவரின் பெயர் நிலைத்தமை தற்செயல் எனினும், அத்தற்செயலை நாம் கேள்வியின்றிக் கடந்துவிடுதல் தகாது. ஒரு விதி பாடநூலில் ஏறும்போது அதன் வரலாறு எவ்வாறு உதிர்ந்துபோகின்றது என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று எமது விடயத்துக்கு மேலும் நெருக்கமானது. அடியின் அளவைக் கவனமாகத் தெரிவுசெய்ய வேண்டும் என்ற எச்சரிக்கை 1953ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ளது. அடி மிகப் பெரிதாயின் பெரும்பாலான அசைவுகள் மறுக்கப்படும். மிகச் சிறிதாயின் நிலை போதியளவு மாறாது. இரண்டிலும் சமநிலையை எய்தக் காலம் நீளும் என அவர்கள் எழுதினர். சீர்செய்தல் என்ற பிரச்சினை படிமுறையுடன் கூடவே பிறந்தது என்பதும், அது அன்று ஓர் எண்ணாக அன்றி ஒரு முரணாகவே உணரப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

3. ஹந்தானையில் ஒரு நடை

படிமுறையின் உள்ளியக்கத்தை விளக்குமுன் சொல்லொன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் ‘எழுமாற்று’ என்கின்றன. எமது தெரிவு வெறும் பிரதேசப் பற்றினால் விளைந்ததன்று. இங்கு நாம் ஆராயும் நடையில் எல்லா இடங்களுக்கும் வாய்ப்புச் சமமாக இல்லை; சமமாக இல்லாதிருப்பதே அதன் பயன். ஆகவே சமவாய்ப்பு என்ற சொல் இவ்விடத்தில் வாசகரைத் தவறான திசையில் இட்டுச் செல்லும்.

பேராதனையிலிருந்து விடியற்காலையில் நோக்குவோருக்குப் பழக்கமான காட்சியொன்றை நினைவுகூர்வோம். மகாவலியின் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடுபனி நிரப்பியிருக்கும். அதற்கு மேலே ஒருபுறம் ஹந்தானை மலைத்தொடரும், கண்டி நகருக்கு அப்பால் வடகிழக்கே தும்பறை மலைத்தொடரும் எழுந்து நிற்கும். பனியின் மேல்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு, அதற்கு மேலுள்ள உயரத்தை மாத்திரம் கணக்கிடுவோம். ஓரிடத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவுக்கு அவ்விடத்தில் நேரம் செலவிட வேண்டும் என்பது நடப்பவனுக்கு இடப்பட்ட பணி. நிலப்படம் அவனிடம் இல்லை. தான் நிற்கும் இடத்தின் உயரத்தையும், அடியெடுத்து வைக்க எண்ணும் இடத்தின் உயரத்தையும் மாத்திரமே அவன் அளக்கவல்லவன்.

அவன் செய்வது இதுதான். எழுமாற்றாகத் திசையொன்றையும் தூரமொன்றையும் முன்மொழிகின்றான். அவ்விடம் உயரமாயின் செல்கின்றான். தாழ்வாயின் இரு உயரங்களின் விகிதத்தை நிகழ்தகவாகக் கொண்டு தீர்மானிக்கின்றான். பனிக்கு மேல் 400 மீற்றரில் நிற்பவன் 100 மீற்றர் உயரமான இடத்தை முன்மொழிந்தால், நான்கில் ஒரு வாய்ப்புடன் அங்கே செல்வான். இல்லையேல் நின்ற இடத்திலேயே நிற்பான். நின்றமையும் கணக்கிற் சேரும். அதே இடம் மீண்டும் ஒருமுறை பதிவாகும். நீண்ட நடையின் முடிவில் ஒவ்வோரிடத்திலும் அவன் கழித்த நேரம் அவ்விடத்தின் உயரத்துக்கு விகிதசமமாகும். மலையின் மொத்தக் கனவளவை அறியாமலே இது நிறைவேறுகின்றது. தரவுகளைக் கண்டபின் கணியங்கள் பற்றி எமக்குள்ள நிகழ்தகவுப் பரம்பலை, அதாவது பின்னிலைப் பரம்பலை, பெரும்பாலும் ஒரு மாறிலி அறியப்படாத நிலையிலேயே எழுத முடிகின்றது. அம்மாறிலி விகிதத்திலே வெட்டுண்டு போவதனாற்றான் தோமஸ் பேயெசின் வழிவந்த புள்ளிவிபரவியல் 1990க்குப் பின்னர் இப்படிமுறையின் தோளேறிப் பெருவளர்ச்சி கண்டது.

மறுப்பின் முக்கியத்துவத்தை உணர, மறுப்பில்லாத நடைகளை ஒப்பிடலாம். கண்டி நகரின் சந்திகளில் ஒருவன் ஒவ்வொரு முறையும் அங்கு கூடும் வீதிகளுள் ஒன்றை எழுமாற்றாகத் தெரிந்து நடப்பானாயின், பல வீதிகள் கூடும் சந்திகளிலேயே அவன் அதிகம் காணப்படுவான்; சந்திகளைச் சமமாகப் பிரதிநிதித்துவப்படுத்தமாட்டான். களஆய்விலும் இதனையொத்த நடையொன்று உண்டு. தடுப்பூசி ஏற்றலின் பரவலை மதிப்பிட 30 கொத்துக்கள், கொத்தொன்றுக்கு 7 பிள்ளைகள் என்ற முறையினை ஹென்டர்சனும் சுந்தரேசனும் 1982இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே மீளாய்வு செய்தனர். அம்முறையின் வழக்கமான வடிவத்தில், ஊரின் நடுவிலிருந்து எழுமாற்றாகத் திசை தெரிந்து, அத்திசையில் ஒரு வீட்டைத் தொடக்கமாகக் கொண்டு, அடுத்தடுத்த வீடுகளுக்குச் செல்வர். செலவு குறைந்தது, விரைவானது. ஆயினும் ஊர்நடுவின்பாற் சாயும் இயல்புடையது. நடுவென ஒன்றில்லாது, மலைச்சரிவுகளில் லயங்கள் சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் இச்சாய்வு எவ்வாறு தொழிற்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மெற்றோபொலிஸ் நடையின் மேன்மை, தன் சாய்வைத் தானே மறுப்பினால் திருத்திக்கொள்வதில் உள்ளது. மறுக்கப்படும் அடி வீணான அடியன்று.

4. 1997ஆம் ஆண்டுத் தேற்றம்

அவ்வாறாயின் எத்தனை அடிகள் மறுக்கப்படவேண்டும்? நெடுங்காலம் பௌதிகவியலாளர் பாதிக்குப் பாதி என்ற அனுபவ விதியைக் கைக்கொண்டனர். 1997இல் கரெத் றொபேட்ஸ், அன்ட்ரூ கெல்மன், வோல்ரர் கில்க்ஸ் ஆகிய மூவரும் இவ்வினாவுக்குக் கணித ரீதியான விடையொன்றை அளித்தனர்.

அவர்களது வாதத்தைச் சுருக்கமாகக் கூறலாம். பரிமாணங்களின் எண்ணிக்கை d மிகப் பெரிதாகும்போது, நடையின் ஒரு கூற்றை மாத்திரம் எடுத்து, காலத்தைத் தக்கவாறு சுருக்கி நோக்கினால், அது தொடர்ச்சியான ஒரு பரவல் இயக்கமாகத் தோன்றும். அவ்வியக்கத்துக்கு ஒரு வேகம் உண்டு. அடி நீளுந்தோறும் வேகம் கூடவேண்டும். ஆயினும் அடி நீளுந்தோறும் மறுப்பும் கூடும். இவ்விரு எதிர்விசைகளின் பெருக்கத்தை உச்சப்படுத்தும் அடியளவு, இலக்குப் பரம்பலின் நியம விலகலை d இன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.38ஆற் பெருக்கிப் பெறப்படுவது. அந்நிலையில் ஏற்பு வீதம் 0.234. மாதிரியெடுப்பு முழுவதும் ஒரே வேகத்துக்குக் கட்டுப்படுவதால், அவ்வெல்லையில் எந்தக் கணியத்தை மதிப்பிடினும் சிறந்த அடியளவு ஒன்றே. இதுவே தேற்றத்தின் அழகு.

வேகச் சூத்திரத்தைக் கொண்டு நாம் செய்த சிறு கணிப்பொன்று பயனுள்ள செய்திகளைத் தருகின்றது. சிறந்த நிலையின் வினைத்திறனை 100 எனக் கொண்டால், ஏற்பு வீதம் 0.15 ஆகும்போது வினைத்திறன் ஏறத்தாழ 94, 0.40இல் 85, 0.50இல் 69, 0.70இல் 31, 0.90இல் வெறும் 4. மறுபுறத்தே ஏற்பு வீதம் 0.10 ஆகக் குறைந்தாலும் 82 எஞ்சுகின்றது, 0.01 ஆக வீழ்ந்தாலும் 20 எஞ்சுகின்றது.

இவ்வெண்கள் இரு உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, 0.234 ஒரு கூர்முனையன்று, அகன்ற மேட்டுநிலம். ஏற்பு வீதத்தை 0.30இலிருந்து 0.234க்குக் கொண்டுவர நாட்களைச் செலவிடும் ஆய்வாளர் அநேகமாக எதையும் பெறுவதில்லை. இரண்டாவது, வழு சமச்சீரானதன்று. தனது அடிகளிற் பத்தில் ஒன்பது ஏற்கப்படுகின்றன என மகிழ்பவன், நூற்றில் ஒன்றே ஏற்கப்படுபவனிலும் பின்தங்கி நிற்கின்றான். எப்பொழுதும் ஏற்கப்படுவது முன்னேற்றத்துக்கு அடையாளமன்று. அவன் இருந்த இடத்தைவிட்டு அசையாமைக்கே அது சாட்சி.

இவ்வினைத்திறனுக்கு நடைமுறைப் பொருள் யாது? மாதிரிகளின் சராசரியிலுள்ள வழு, மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும் என்பதற்கு உரிய ஆதாரங்களுள் முதன்மையானது குளோட் கிப்னிசும் எஸ். ஆர். எஸ். வரதனும் 1986இல் நிறுவிய மைய எல்லைத் தேற்றமாகும். சென்னையிற் பிறந்து, கல்கத்தாவிலே சி. ஆர். ராவிடம் ஆராய்ச்சி செய்து, 2007இல் ஆபெல் பரிசு பெற்ற வரதன், இப்படிமுறைகளை மனங்கொண்டு அதனை எழுதவில்லை. எனினும் முன்பின் மீள்தகு சங்கிலிகளுக்கு அத்தேற்றம் பொருந்துவதால், மெற்றோபொலிஸ் நடையின் வழுவை அளக்கும் உரிமையை எமக்கு வழங்குவது அதுவே. சீர்செய்தல் அவ்வர்க்கமூல விதியை மாற்றாது. அதன் முன்னுள்ள குணகத்தையே மாற்றும். ஆயினும் அக்குணகமே நிமிடங்களை நாட்களாக்குவது.

கணக்கிட்டுக் காட்டுவோம். செவ்வன் பரம்பலுக்கு, சிறந்த நிலையிலுங்கூட ஓரடியின் பெறுமதி ஒரு சுயாதீன மாதிரியின் 0.33/d பங்கே. 50 கணியங்களைக் கொண்ட மாதிரியுருவில் 1,000 சுயாதீன மாதிரிகளுக்கு நிகரானதைப் பெற ஏறத்தாழ 1,50,000 அடிகள் வேண்டும். அடியொன்றுக்குச் செக்கனின் நூறிலொரு பங்கு செலவாகுமெனின், இது 25 நிமிட வேலை. ஏற்பு வீதத்தை 0.90இல் விட்டவருக்கு 35 இலட்சம் அடிகள், அதாவது ஏறத்தாழப் பத்து மணித்தியாலம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவிய நாட்டில் இவ்வேறுபாடு அழகியற் பிரச்சினையன்று. செல்வந்த நாட்டு ஆய்வாளர் பொறிகளைப் பெருக்கித் தமது கவனக்குறைவை ஈடுசெய்யலாம். எமக்கு அவ்வசதி இல்லை. ஆதலால் சீர்செய்தற் கலையை அலட்சியம் செய்யுமாறு நாம் கூறவில்லை. அது எமக்கே அதிகம் தேவையானது.

5. தேற்றம் சொல்லாதவை

இனித் தேற்றத்தின் நிபந்தனைகளுக்கு வருவோம். பரிமாணங்கள் எண்ணற்றவை, ஒவ்வொரு கூறும் மற்றையவற்றைச் சாராது ஒரேவிதமாகப் பரம்பியது, முன்மொழிவு செவ்வன் வடிவினது, நடப்பவன் ஏற்கெனவே சமநிலையை எய்திவிட்டவன். எமது கைக்கு வரும் பிரச்சினைகளில் இந்நான்கும் ஒருங்கே அமைவது அரிது.

பரிமாணங்கள் சிலவாயின் எண் மாறுகின்றது. ஒரு பரிமாணச் செவ்வன் பரம்பலுக்குச் சிறந்த ஏற்பு வீதம் 0.44, இரு பரிமாணங்களில் 0.35. இதனை அதே மூவர் 1996இலேயே காட்டியிருந்தனர். மலைச்சரிவின் சாய்வை அறிந்து அடியெடுக்கும் லாங்கெவின் நடைக்கு உரிய எண் 0.574, உந்தத்தைப் பயன்படுத்தும் ஹமில்ற்றன் முறைக்கு 0.651. ஆகவே ஒவ்வோர் எண்ணும் தன் முறைக்கும் தன் நிபந்தனைகளுக்கும் உரியது. முறையைப் பெயர்த்துவிட்டு எண்ணை மாத்திரம் காவிச் செல்ல முடியாது.

மலையின் வடிவம் அடுத்த பிரச்சினை. ஹந்தானையின் முகடு போன்று நீண்டு ஒடுங்கிய நிலத்தில், முகட்டின் வழியே நெடுந்தூரம் செல்லலாம். குறுக்கே சில அடிகள் வைத்தால் சரிவில் வீழ்வோம். எல்லாத் திசைகளிலும் ஒரே அளவான அடியை முன்மொழிபவன் ஒடுங்கிய திசைக்கு அடிமையாகின்றான். அவனது ஏற்பு வீதத்தை 0.234க்குச் சீர்செய்யலாம், ஆயினும் முகட்டின் வழியே அவன் நத்தையாக ஊர்வான். எண் செம்மையாக இருக்க நடை குன்றிக் கிடக்கும்.

இதற்குப் பரிகாரமாக 2001இல் பின்லாந்து ஆய்வாளர் ஹாரியோ, சக்ஸ்மன், தம்மினன் ஆகியோர் தன்னிசைவு நடையை வகுத்தனர். இதுவரை நடந்த சுவடுகளிலிருந்து மலையின் நீள அகலங்களைக் கற்று, முன்மொழிவின் வடிவத்தை நடப்பவனே திருத்திக்கொள்கின்றான். வரலாற்றிலிருந்து கற்கும் நடை என இதனை வருணிக்கலாம். ஆயினும் கடந்தகாலத்தை நினைவிற் கொள்ளும் நடை, தற்போதைய நிலையை மாத்திரம் சார்ந்த மார்க்கோவ் சங்கிலியாக இருப்பதில்லை; எனவே அது சரியான பரம்பலை எய்தும் என்பது தனியே நிறுவப்படவேண்டும். கற்றலின் அளவு காலப்போக்கிற் குறைந்து செல்லவேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளுள் ஒன்றென 2007இல் றொபேட்சும் ஜெஃப்ரி றோசந்தாலும் விளக்கினர். ஓயாது தன்னைத் திருத்திக்கொண்டேயிருக்கும் நடை எதனையும் செம்மையாகப் பிரதிநிதித்துவப்படுத்தாது போகலாம்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது இரு மலைகளின் பிரச்சினை. எமது நடப்பவன் ஹந்தானையிற் தொடங்குகின்றான் எனக் கொள்வோம். அவன் அடி ஹந்தானைக்கு ஏற்றவாறு சீர்செய்யப்பட்டது. தும்பறைக்குச் செல்லப் பனி நிறைந்த பள்ளத்தாக்கைக் கடக்கவேண்டும். அங்கே உயரம் பூச்சியத்தை அண்மிக்கின்றது. அங்கு செல்லும் முன்மொழிவுகள் யாவும் மறுக்கப்படுகின்றன. அவன் ஹந்தானையிலேயே ஆயுள் முழுவதும் திரிகின்றான். அவனது ஏற்பு வீதம் விரும்பியவாறு அமைந்திருக்கும். வழு மதிப்பீடு சிறியதாக இருக்கும். பதிவேடு அமைதியாக இருக்கும். அவன் அறிக்கையில் தும்பறை இல்லை. அது இல்லை என்பதற்கான அறிகுறியும் இல்லை. தன்னிசைவு நடை இந்நிலையை மோசமாக்கவும் கூடும். ஒரு மலையை மாத்திரம் கண்டவன் அம்மலையின் வடிவத்தையே உலகின் வடிவமாகக் கற்று, தன் அடியை அதற்கே மேலும் நெருக்கமாக்கிக்கொள்கின்றான்.

ஏற்பு வீதம் நடப்பவன் சென்ற இடங்களைப் பற்றிய செய்தி. செல்லாத இடங்களைப் பற்றி அது வாய்திறப்பதில்லை. இவ்விடத்திற்றான் 0.234 அளவுகோல் என்ற தகுதியிலிருந்து வழிபாட்டுப் பொருளாக மாறுகின்றது.

6. மலையகத்தில் எது பணயம்

இது கற்பனை மலைகளோடு முடியும் விடயமா? இலங்கையின் புள்ளிவிபரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுக்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்துறை மொத்தக் குடித்தொகையில் நூற்றுக்கு 4.4 மாத்திரமே. கண்டி மாவட்டத்திலோ, 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை வர்த்தகப் பயிராக வேரூன்றிய காலந்தொட்டு, தோட்டம் நிலத்தோற்றத்தினதும் சமூக வாழ்வினதும் பிரிக்கமுடியாத கூறு.

குடித்தொகையின் சிறுபங்கு வேறு, பின்னிலைப் பரம்பலின் சிறுகுன்று வேறு என்பதை முதலில் வலியுறுத்த வேண்டும். முன்னது மக்களைப் பற்றியது. பின்னது எமது விளக்கங்களின் நம்பகத்தைப் பற்றியது. இரண்டையும் குழப்பி உணர்ச்சிவயப்படுவது விமர்சனமாகாது. ஆயினும் முன்னது பின்னதைத் தோற்றுவிக்கும் வழியுண்டு. ஒரு குடும்பச் செலவின ஆய்வை எண்ணிப் பார்ப்போம். தோட்டக் குடும்பங்கள் சிலவே மாதிரியில் விழுந்துள்ளன. தரவுகள் இரு விளக்கங்களுக்கு இடமளிக்கின்றன. ஒன்று, வருமானத்துக்கும் உணவுச் செலவுக்கும் இடையே கிராமத்தில் நிலவும் தொடர்பே தோட்டத்திலும் நிலவுகின்றது என்பது. மற்றையது, தோட்டத்தில் அத்தொடர்பு அடிப்படையிலேயே வேறானது என்பது. மாதிரியுருவின் கணியவெளியில் இவை இரு மலைகள். இடையிலுள்ள அரைகுறை விளக்கங்கள் பள்ளத்தாக்கு. கிராமத் தரவுகள் மிகுதியாதலால் கணினி தன் நடையை முதல் விளக்கத்தின் மலையிலேயே தொடங்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் மலை மூன்றிலொரு பங்கு நிகழ்தகவைத் தாங்கியிருப்பினும், ஏற்பு வீதம் 0.234 என்ற திருப்தியோடு அறிக்கை வெளிவரும். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் வேறுபாடில்லை என அது கூறும். வழுவும் மிகச் சிறிதெனக் கூறும். அவ்வறிக்கையின்மீது நிவாரணத் திட்டமொன்று வகுக்கப்படுமாயின், தரவுகள் அனுமதித்த ஐயம் மக்களுக்கு மறுக்கப்பட்டதாகும்.

எவரும் வஞ்சகம் செய்யவில்லை. எவரும் கணக்கிற் பிழைவிடவில்லை. வினைத்திறனை யாருடைய வினாவுக்காக அளக்கின்றோம் என்று கேளாமல் விட்டமையே பிழை. கண்ட மலையை விரைந்து ஆராய்வது ஒருவகை வினைத்திறன். காணாத மலை உண்டா என வினவுவது வேறொருவகை. முதலாவதற்கு எண் உண்டு. இரண்டாவதற்கு எண் இல்லை என்பதனால் அதனை வினாவே இல்லையெனக் கொள்ளலாகாது.

பரிகாரங்கள் அறியப்படாதவையல்ல. கெல்மனும் டொனல்ட் றூபினும் 1992இலேயே பல நடைகளை வெவ்வேறான, நெடுந்தொலைவான இடங்களிலிருந்து தொடங்குமாறு கூறினர். ஒவ்வொரு நடையினுள்ளும் காணப்படும் மாறற்றிறனையும் நடைகளுக்கிடையே காணப்படும் மாறற்றிறனையும் ஒப்பிட்டால், அவை ஒரே நிலத்தைக் காண்கின்றனவா என்பது புலப்படும். ஒருவன் ஹந்தானையிலிருந்தும் ஒருவன் தும்பறையிலிருந்தும் ஒருவன் கட்டுகஸ்தோட்டை ஆற்றோரத்திலிருந்தும் புறப்படட்டும். அவர்களின் அறிக்கைகள் முரண்படுமாயின் அம்முரண்பாடே எமக்குக் கிடைத்த அறிவு. தொடக்க இடங்களைத் தெரிவதற்கு நிலத்தைப் பற்றிய முன்னறிவு வேண்டும். தோட்டத்தின் வாழ்வை அறிந்தவரே இரண்டாவது மலை இருக்கக்கூடிய திசையைச் சுட்டுவர். சமூக அறிவும் கணித அறிவும் சந்திக்கும் இடம் இதுவே.

அத்துடன், ஆய்வேடுகள் ஏற்பு வீதத்தைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடாமல், அடுத்தடுத்த மாதிரிகளின் ஒட்டுறவைக் கழித்தபின் எஞ்சும் பயனுறு மாதிரி எண்ணிக்கையையும், அதற்குச் செலவான கணினி நேரத்தையும், மிக மெதுவாக அசைந்த கணியம் எது என்பதையும் வெளியிடுதல் வேண்டும். சராசரிக் கணியத்தின் நலனைச் சொல்லி, பின்தங்கிய கணியத்தை மறைப்பது சமூகக் கணக்கெடுப்பில் மாத்திரமன்றி இங்கும் தவறே. நடையின் வடிவத்தை ஆரம்பக் கட்டத்திற் கற்று, பின்னர் அதனை நிலைநிறுத்திவிட்டு மாதிரியெடுப்பதும், வாய்ப்புள்ளபோது பள்ளத்தாக்கைத் தற்காலிகமாக மேடாக்கிக் கடக்க உதவும் வெப்பநிலை முறைகளைக் கையாள்வதும் எமது சிறிய பொறிகளுக்கும் எட்டக்கூடியனவே.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், 0.234 என்ற எண் ஒரு தேற்றத்தின் முடிபாக மதிக்கத்தக்கது. ஒரு நடையின் நற்சாட்சிப் பத்திரமாக ஏற்கத்தகாதது. தேற்றம் நிபந்தனைகளோடு பிறந்தது. வாய்பாடு நிபந்தனைகளை உதிர்த்துவிட்டுப் பரவியது. 1953இல் அடியளவு பற்றி எழுதியவர்கள் இரு பக்க ஆபத்தையும் சுட்டினரேயன்றி எண்ணெதனையும் விதிக்கவில்லை. அவர்களுள் செய்நிரலை எழுதியவரின் பெயரை மறந்த துறை, அவர்களது எச்சரிக்கையையும் மறந்ததில் வியப்பில்லை.

தமிழில் இத்துறை பற்றிய எழுத்துக்கள் இன்னும் மிகச் சிலவே. அவை பெருகும்போது விதிகளை மொழிபெயர்ப்பதோடு அமையாது, விதிகள் பிறந்த வாதங்களையும் அவற்றின் எல்லைகளையும் தமிழில் விவாதிக்கும் மரபொன்று உருவாதல் வேண்டும். மூடுபனி விலகும் நேரத்தில் பேராதனையில் நிற்பவர் இரு மலைகளையும் ஒருங்கே காண்கின்றார். பனிக்குள் நடப்பவனுக்கு அக்காட்சி இல்லை. அவன் அடியைச் சீர்செய்து கொடுப்பதோடு எமது கடமை முடிவதில்லை. எங்கிருந்து அவன் புறப்பட்டான், எங்கே இன்னும் செல்லவில்லை என்று கேட்பதும் எமது கடமையே.